கட்டில் பாடியது

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது)

இரண்டு ஆணிகளுக்கு இடையே ஒரு தந்தியை இழுத்துக் கட்டி, விரலால் மீட்டிப் பாருங்கள் தோழியரே! கொசு முனகுவது போன்ற ஓர் ஓசைதான் கேட்கும். தந்தி மெல்லியது, அதனால் அசைக்க முடிந்த காற்று மிகவும் கொஞ்சம். அதே தந்தியை, மெல்லிய பலகையால் மூடிய ஒரு பெட்டியின்மேல் கட்டி மீட்டினால், கூடம் முழுவதும் கேட்கிறது. தந்தி பலகையை ஆட்டுகிறது, பலகை காற்றை ஆட்டுகிறது, காற்று நம் செவியை வந்து தொடுகிறது. கித்தார் வாசிப்பவரைப் பார்க்கும்போது நம் கண்கள் விரல்களையும் தந்திகளையுமே நோக்குகின்றன. உண்மையில் அங்கே பாடுவது மரம்.

இந்த உண்மையை உலகுக்கு உணர்த்தியவர் ஒரு தச்சர். ஸ்பெயின் நாட்டின் அல்மேரியா என்னும் ஊரின் அருகில் 1817-ஆம் ஆண்டு பிறந்த அந்தோனியோ தெ தோரஸ் என்பவரே அவர். இன்று நாம் காணும் கித்தாரின் வடிவத்தையும் அளவையும் பெரும்பாலும் வகுத்துத் தந்தவர் அவர்தாம். கித்தாருக்கு உயிர் அதன் மேற்பலகையே என்று அவர் நம்பினார். அதை மெய்ப்பிக்க 1862-இல் ஒரு விந்தையான கித்தாரைச் செய்தார். மேற்பலகை மட்டும் நல்ல மரம். முதுகும் விலாப்புறங்களும் வெறும் காகிதக் கூழ் அட்டை! அந்தக் கித்தார் பார்சலோனா நகரின் இசை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

தோரஸ் தச்சர் என்று படித்தபோது என் உள்ளம் துள்ளிக் குதித்தது. என் தந்தையும் தச்சர். குன்னூரில் எங்கள் வீட்டின் பின்புறம், தகரக் கூரை போட்ட சிறிய பட்டறையில் கதவும் சன்னலும் நாற்காலியும் செய்பவர். சென்ற ஆண்டு நம் பள்ளியின் கித்தாரில் தந்திகளைத் தாங்கும் கட்டை பெயர்ந்துவிட்டபோது, இசை கற்பிக்கும் அருட்சகோதரி அதை என் கையில் கொடுத்து, “அப்பாவிடம் காட்டும்மா” என்றார்கள். அப்பா அதன் வட்டத் துளைக்குள் ஒரு சிறிய கண்ணாடியையும் டார்ச் விளக்கையும் நுழைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, “வெளியே பார்த்தா ராஜாவீட்டுச் சாமான் மாதிரி இருக்கு. உள்ளே பூரா நம்ம வேலைதான் பாப்பா” என்றார்.

பள்ளியில் இருப்பது ஒரே கித்தார். கற்க விரும்புவோர் பதினொரு பேர். எனக்கு வாரத்தில் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம். கடையில் வாங்க எங்களுக்கு வசதியில்லை. “நாமே ஒன்று செய்தால் என்ன, அப்பா?” என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் மாலை, கொட்டகையில் சாத்தியிருந்த பாட்டியின் கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அது ஈட்டி மரக் கட்டில். தோதகத்தி என்றும் சொல்வார்கள், ஆங்கிலத்தில் ரோஸ்வுட். எங்கள் தாத்தா ஒரு தோட்டத்துரையின் பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது எடுத்தது. நாற்பது ஆண்டுகள் பாட்டி அதில்தான் படுத்தார். அதில்தான் கண்ணை மூடினார். அதன்பின் நாங்கள் சிறிய வீட்டுக்கு மாறியதால் கட்டில் கொட்டகைக்குப் போயிற்று. குறுக்குப் பலகைகள் மட்ட மரம். அவற்றைக் கரையான் தின்றுவிட்டது. ஒரு காலும் பொருத்து விட்டுப்போயிற்று. ஈட்டியைக் கரையான் தொடவில்லை.

ஈட்டி மரத்தின் பெருமையை நான் அப்போதுதான் அறிந்தேன். உலகப் புகழ்பெற்ற கித்தார்களின் முதுகுக்கும் விலாவுக்கும் முற்காலத்தில் பிரேசில் நாட்டு ஈட்டியையே விரும்பினார்கள். அது கிடைப்பது அரிதானபோது, 1833-இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-இல் நம் இந்திய ஈட்டிக்கு மாறியது. நம் மலைக்காடுகளில் வளரும் மரம் எங்கோ கடல்கடந்த மேடைகளில் பாடிக்கொண்டிருக்கிறது! அதிகமாக வெட்டப்பட்டதால் இங்கும் அது குறைந்தது. அதைக் காப்பதற்கென்றே 1994-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. புதிய மரத்தை வெட்டாமல், பழைய கட்டிலிலிருந்து எடுப்பதே நல்லது என்று அப்பா எண்ணினார்.

அத்தைக்கு அது பொறுக்கவில்லை. அப்பாவின் அக்காள் அவர்; தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் இருக்கிறார். அங்கே கட்டில் போட இடமில்லாததால்தான் எங்களிடம் விட்டிருந்தார். செய்தி கேட்டு அன்று மாலையே வந்தார்.

“அம்மா கண்ணை மூடின கட்டிலு தம்பி இது. இதை அறுத்து ஆட்டம் பாட்டத்துக்குச் சாமான் செய்யப் போறியா?”

“அக்கா, இன்னும் ரெண்டு மழைக்காலம் போனா இது விறகுக்குத்தான் ஆகும்.”

“விறகானாலும் அம்மா கட்டிலு அம்மா கட்டிலுதான்” என்று சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த காப்பியைத் தொடாமல் போய்விட்டார். அப்பா ஒரு வாரம் வாளைக் கையில் எடுக்கவில்லை. எட்டாம் நாள் எடுத்தார். அத்தை அதன்பின் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அது கோடை விடுமுறை.

தலைப்பலகை நான்கடி அகலம், ஓர் அங்குலக் கனம். அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து, கனத்தின் நடுவே வாளை இறக்கி, இரண்டு தகடுகளாகப் பிளக்க வேண்டும். வாளின் ஒரு முனை அப்பா கையில். மறுமுனை என் கையில். பிளந்த இரண்டையும் புத்தகத்தை விரிப்பதுபோல விரித்து வைத்தார். இடப்பக்க ரேகை அப்படியே வலப்பக்கத்திலும் கண்ணாடியில் பார்ப்பதுபோல ஓடியது! பழுப்பும் ஊதாவும் கலந்த நிறம். அறுத்த தூளிலிருந்து இனிய மணம் எழுந்தது. “இத்தனை வருஷம் ஆகியும் வாசம் போகலை, பார்” என்றார் அப்பா.

மேற்பலகைக்கு ஈட்டி ஆகாது. அது கனமான மரம். குளிர்நாட்டில் மெதுவாக வளர்ந்து, நெருக்கமான கோடுகளுடன், எடை குறைந்தும் விறைப்பாகவும் இருக்கும் ஸ்புரூஸ் மரமே சிறந்தது. அதற்கு எங்கே போவது? பழைய பங்களா ஒன்றில் ஈரத்தால் கெட்டுப்போன பியானோவைக் கழித்துக் கட்டினார்கள். பியானோவின் உட்பலகை ஸ்புரூஸ்! அப்பா செய்து கொடுத்த சன்னல் வேலைக்குக் கூலியில் ஒரு பகுதியாக அதைக் கேட்டு வாங்கி வந்தார். குறுகலான நான்கு துண்டுகளைத் தேர்ந்து விளிம்பு இழைத்து ஒட்டி, ஒரே பலகை ஆக்கினார்.

பிறகு தொடங்கியது இழைப்பு. மேற்பலகையும் முதுகும் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர்; விலாப்புறம் இரண்டு மில்லிமீட்டர்.  இழைப்புளியை எப்படிப் பிடிப்பது, மரத்தின் ரேகை எந்தப் பக்கம் சாய்கிறது, எதிர்த்து இழைத்தால் ஏன் சிராய் பெயர்கிறது என்பதையெல்லாம் அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்தார். பட்டறை வழியே போனவர்கள், “பொம்பளைப் பிள்ளை கையிலே இழைப்புளியா?” என்று சிரித்தார்கள். அப்பா தலை நிமிராமல், “இழைப்புளிக்கு அதெல்லாம் தெரியாதுங்க” என்றார்.

நடுநடுவே பலகையை இரு விரல்களால் தொங்கவிட்டு மறு கையால் தட்டுவார். முதலில் ‘டொக்’ என்று கதவு தட்டியதுபோல ஓசை வந்தது. இழைக்க இழைக்க ஓசை நீண்டது. ஒருநாள் தட்டியபோது மணியோசைபோல ஒரு ரீங்காரம் எழுந்து நின்றது. “போதும்” என்று இழைப்புளியைக் கீழே வைத்தார். இன்னும் மெலிந்தால் தந்தியின் இழுப்புக்குத் தாங்காது. ஆறு நைலான் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ இழுப்பைத் தருகின்றன. கனமாக இருந்தால் பலகை அசையாது, மெலிந்தால் உடையும். இவற்றுக்கு இடையே ஒரு நூலிழையில்தான் பாட்டு இருக்கிறது!

விலாப்புறங்களுக்குக் கட்டிலின் நீளச் சட்டத்தை அறுத்தோம். நேரான மரத்தை எட்டு எழுத்து வடிவில் எப்படி வளைப்பது? ஓர் இரும்புத் தண்ணீர்க் குழாய்க்குள் கரியைப் போட்டுக் கனல வைத்தார் அப்பா. நனைத்த தகட்டை அந்தக் குழாயின்மேல் வைத்து, மெல்ல மெல்ல அழுத்தினார். சூட்டில் மரத்தின் நார்களைப் பிணைத்திருக்கும் பொருள் இளகும். ஆறியதும் அந்த வளைவிலேயே இறுகிவிடும். முதல் தகடு இடுப்பு வளைவில் ‘படக்’ என்று விரிந்துபோயிற்று. அங்கே ரேகை குறுக்கே ஓடியிருந்தது. சட்டத்தில் மீதம் இருந்ததால் பிழைத்தோம். அடுத்த தகட்டுக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. “மரத்துக்கு அவசரம் கிடையாது பாப்பா. அவசரம் நமக்குத்தான்” என்றார்.

இந்த வேலையில் எனக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரு பகுதி உண்டு. அது கணக்கு!

நம் தஞ்சாவூர் வீணையைப் பாருங்கள். பலா மரத்தில் செய்து, 24 மெட்டுகளை மெழுகின்மேல் பதிப்பார்கள். கைதேர்ந்தவர் தம் செவியால் கேட்டுக் கேட்டே ஒவ்வொரு மெட்டின் இடத்தையும் முடிவு செய்வார். கித்தாரிலோ உலோக மெட்டுகளை மரத்தில் அறுத்த பள்ளத்தில் அடித்து இறக்கிவிடுகிறோம். பிறகு நகர்த்த இயலாது. ஆகவே முன்கூட்டியே அளவு தெரிய வேண்டும். கலிலியோவின் தந்தை வின்செந்தியோ கலிலேயி ஓர் இசைக் கலைஞர். அவர் 1581-இல் வெளியிட்ட நூலில் 18-க்கு 17 என்ற விகிதத்தைச் சொன்னார். அதாவது, தந்தியின் நீளத்தை 18 பங்காக்கி, ஒரு பங்கு தள்ளி முதல் மெட்டு; மிஞ்சிய நீளத்தை மறுபடி 18 பங்காக்கி இரண்டாம் மெட்டு. நெடுங்காலம் கருவி செய்தவர்கள் இந்த எளிய வழியைக் கையாண்டார்கள்.

ஆனால் நாம் பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடர்வரிசை படிக்கிறோமே! தந்தியின் நீளம் பாதியானால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே போகும். அந்த ஸ்தாயி 12 சமபடிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. எனவே ஒரே பொது விகிதத்தால் 12 முறை பெருக்கினால் சரியாகப் பாதி வர வேண்டும். அந்த விகிதம் ஏறக்குறைய 0.94387. எங்கள் தந்தியின் நீளம் 650 மில்லிமீட்டர். முதல் மெட்டு 36.5 மி.மீட்டரில், இரண்டாவது 70.9-இல், மூன்றாவது 103.4-இல், ஐந்தாவது 163.1-இல், ஏழாவது 216.2-இல், பன்னிரண்டாவது சரியாக 325-இல் வருகிறது. கலிலேயியின் வழியில் போனால் பன்னிரண்டாம் மெட்டு ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் முன்னதாகவே நின்றுவிடும். 19 மெட்டுகளின் அளவையும் எழுதி, கணக்கு ஆசிரியையிடம் காட்டினேன். “தேர்வுக்கு வராத கணக்கு, ஆனால் நீ மறக்கமாட்டாய்” என்றார்கள்.

ஒவ்வொரு அளவையும் முனையிலிருந்தே அளக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். ஒரு மெட்டிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போனால், சிறு பிசகுகள் சேர்ந்து பெரிதாகிவிடுமாம். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட அவருக்கு இது எந்தப் புத்தகமும் சொல்லித் தந்ததன்று.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. குன்னூரில் வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் சேர்ந்தால், உப்புச் சாடியில் தண்ணீர் நிற்கும். மரமும் ஈரத்தைக் குடித்து அகலத்தில் உப்பும். அந்த நிலையில் ஒட்டினால் வெயில் காலத்தில் சுருங்கி வெடித்துவிடும். அப்பா பலகைகளையெல்லாம் அடுப்பங்கரைப் பரணில் ஏற்றிவிட்டார். காத்திருந்தோம். அத்தை இல்லாமலேயே கிறிஸ்துமஸ் வந்து போயிற்று. ஆண்டுதோறும் அதிரசம் சுடுபவர் அவர்தாம். அம்மா சுட்டுப் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லாமல் தின்றோம். அப்பா மட்டும் பட்டறைக்குப் போய் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

சனவரியில் காற்று உலர்ந்தது. வச்சிரத்தைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் காய்ச்சினோம். மேற்பலகையின் உட்புறம், தோரஸ் செய்ததுபோலவே விசிறி விரித்தாற்போல் ஏழு மெல்லிய குச்சிகளை ஒட்டினோம். பலகைக்கு வலிமை தருபவை இவைதாம். அவற்றின் முனைகளை உளியால் சீவிச் சீவி, தட்டிக் கேட்டுக் கேட்டு, அப்பா மூன்று நாட்கள் போக்கினார். கழுத்துக்குப் பழைய உத்தரம் ஒன்றிலிருந்து எடுத்த சந்தன வேம்பு. விரல்பலகைக்குக் கட்டிலின் கால். தந்தி படியும் சிறு துண்டுக்கு வேகவைத்துச் சுத்தம் செய்த மாட்டெலும்பு. தந்தி முறுக்கும் சாவிகளும் மெட்டுக் கம்பியும் தந்தியும் மட்டுமே சென்னையிலிருந்து விலைக்கு வாங்கியவை. உப்புத்தாளால் தேய்த்து, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் தடவித் தடவி மெருகேற்றியது நான்.

பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை தந்தி பூட்டினோம். அப்பா என்னிடம் நீட்டினார். எனக்குத் தெரிந்தது மூன்றே மூன்று சுரக்கட்டுகள். முதலாவதை மீட்டினேன். தாழ்ந்த தந்தியின் ஒலி என் நெஞ்செலும்பில் அதிர்ந்தது. அம்மா அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றார்.

மறுநாள் பூசை முடிந்ததும் அப்பா கித்தாரைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். அத்தை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் முறம் நிற்கவில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் போர்வையை அவிழ்த்து, கித்தாரின் முதுகுப்பக்கத்தைத் திருப்பி அத்தையின் மடியில் வைத்தார்.

அந்த முதுகில், மேல் வளைவின் ஓரமாக, மிளகளவு ஒரு வட்ட ஒட்டு உண்டு. பாட்டி தம் செபமாலையை மாட்டுவதற்காகத் தலைப்பலகையில் ஆணி அடித்திருந்த துளை அது. அச்சை இரண்டு விரற்கடை தள்ளி வைத்திருந்தால் துளையைத் தவிர்த்திருக்கலாம். பலகையில் இடம் இருந்தது. ஏன் தள்ளவில்லை என்று அறுத்த அன்றே நான் கேட்டதற்கு, “இருக்கட்டும்” என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அத்தையின் விரல் பலகையின்மேல் ஊர்ந்து போய் அந்த ஒட்டின்மேல் நின்றது. வெகுநேரம் கழித்து, “அம்மா ஆணி” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “வாசி கண்ணு” என்றார். மடியிலிருந்து எடுக்க விடவில்லை. கித்தாரின் முதுகு அவர் மடியிலேயே இருக்க, நான் குனிந்து நின்று அந்த மூன்று சுரக்கட்டுகளையும் மாறி மாறி மீட்டினேன். அவருக்குக் காது சற்று மந்தம். ஆனால் உள்ளங்கைகளை விலாப்புறத்தில் வைத்துக்கொண்டு, கையாலேயே கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பும்போது, கட்டிலில் மிச்சம் என்ன இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டார். அடுத்த ஞாயிறு, மீந்த பலகையில் அப்பா செய்து வைத்த சிறிய பெட்டியைப் பெற்றுக்கொள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். பாட்டியின் செபமாலை இப்போது அதில் இருக்கிறது. காப்பியும் குடித்தார்.

தோழியரே, ஒரு பொருளைக் கெடாமல் மூடி வைப்பதும் அன்பே; அதை அறுத்து வேறொன்றாக ஆக்குவதும் அன்பாக இருக்க முடியும். எது எப்போது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அத்தை சொன்னதும் சரியென்றே இன்றும் எனக்குத் தோன்றுகிறது. அப்பா செய்ததும் சரியே. ஒன்று மட்டும் அறிந்தேன். நல்ல கைகளுக்கு எடுப்பதைவிட விடுவது கடினம். எவ்வளவு இழைப்பது என்பதைக் காட்டிலும் எங்கே நிறுத்துவது என்று அறிவதிலும், வேண்டாத துளையென்று பிறர் நினைப்பதை வேண்டுமென்றே வைத்துக்கொள்வதிலும் தொழிலின் மேன்மை இருக்கிறது.

புதிய கித்தார் வாசிக்க வாசிக்கத்தான் பழகும் என்று அருட்சகோதரி சொல்கிறார்கள். எனவே வெள்ளிக்கிழமை தோறும் அதைப் பள்ளிக்குக் கொண்டுவருகிறேன். இப்போது பதினொரு பேருக்கு இரண்டு கித்தார்கள். கற்க விரும்பும் யாரும் மாலை இசையறைக்கு வரலாம். வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. முதுகில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மரம் பாடுவது கையில் தெரியும்.